தொப்பையும் ‘உடல் சுத்த’மும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்ட ஊர் ஒன்றில், நீரிழிவு மருத்துவமனையில் உணவு ஆலோசகராகப் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சர்க்கரைக்கு வருபவர்களும் சரி, அவர்களுக்குத் துணையாக வருபவர்களும் சரி, பேசி முடித்து எழுந்த பிறகு கதவருகே நின்று ஒரு கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் அது வயிற்றைப் பற்றியதாக இருக்கும். கடந்த சில ஆண்டுகளாக அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: “உடம்பைச் சுத்தம் செய்தால் போய்விடும் என்கிறார்களே?”

கேட்கிற வார்த்தைகளை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். அவற்றில் அதிகம் கேட்டவற்றை அவரவர் கேட்டபடியே கீழே தந்திருக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் இவற்றில் எதற்காவது மருந்து எடுப்பவர்கள் எந்த மாற்றத்தையும் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

என் பேண்ட் அளவு 34 தான். அப்படியானால் எனக்குத் தொப்பை இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. வயிறு பெருத்தவர்களுக்கு பேண்ட் வயிற்றுக்குக் கீழே இறங்கிவிடும். அந்த 34 இடுப்பெலும்பின் அளவு. வயிற்றின் அளவு அல்ல. இதே கேள்வியைக் கேட்ட ஒருவருக்கு நான் டேப் வைத்தபோது 40 அங்குலம் வந்தது. நம்பாமல் டேப்பைத் தானே வாங்கி இரண்டாம் முறை சுற்றிப் பார்த்தார். அப்போதும் 40 தான்.

வீட்டிலேயே அளக்கலாம், தையல் டேப் போதும். விலாவைத் தடவிக்கொண்டே கீழே வந்தால் கடைசி எலும்பு கைக்குத் தட்டுப்படும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பும் தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விடுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். சேலை கட்டும் பெண்கள் பாவாடை நாடா பதிந்த தடத்தின் மேலேயே அளந்துவிடுகிறார்கள். அந்த இடம் அழுந்தி இருப்பதால் அளவு குறைவாகக் காட்டும்.

நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. அங்குலத்தில் ஏறக்குறைய 35½, 31½. இது நினைவில் நிற்காவிட்டால் இன்னொரு கணக்கு இருக்கிறது: உங்கள் உயரத்தில் பாதிக்கு மேல் வயிறு போகக் கூடாது. 160 செ.மீ. உயரம் என்றால் 80.

தொப்பை என்பது வயிற்றில் சேர்ந்த கழிவுதானே? குடலைக் கழுவிவிட்டால் போய்விடாதா?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். தொப்பை கழிவு அல்ல, கொழுப்பு. அதாவது, செலவழிக்காமல் சேர்த்து வைத்த உணவு. குடல் ஒரு நீண்ட குழாய். கொழுப்பு அந்தக் குழாய்க்குள் இல்லை. அதற்கு வெளியே இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று தோலுக்கு அடியில், விரலால் கிள்ளினால் கையில் வருவது. இன்னொன்று வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிந்திருப்பது. குழாயின் உட்புறத்தை எத்தனை முறை கழுவினாலும் வெளியே இருக்கும் கொழுப்பில் ஒரு சொட்டுக்கூடக் கரையாது.

உள்ளே இருப்பதுதான் அதிகக் கெடுதல் செய்கிறது. குடற்பகுதியிலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே படிந்த கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்களும் அந்த வழியாகவே கல்லீரலை அடைகின்றன. கல்லீரலில் கொழுப்பு படிவதும், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதும், சர்க்கரை ஏறுவதும் இதைத் தொடர்ந்து வருகின்றன.

அப்படியானால் குறையும் கொழுப்பு எங்கே போகிறது? 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு உடலில் எரிந்தால், அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. தொப்பை மூக்கு வழியாகத்தான் போகிறது. மலத்தின் வழியாக அல்ல. வேகமாக மூச்சுவிட்டால் குறைந்துவிடுமா என்று உடனே கேட்பார்கள். குறையாது. முதலில் கொழுப்பு எரிய வேண்டும். எரிந்தது பிறகு மூச்சில் வரும்.

பேதி மருந்து சாப்பிட்டு முடித்ததும் 2 கிலோ குறைந்தது. எடை மெஷினில் நானே பார்த்தேன். இல்லை என்கிறீர்களா?

மெஷின் பொய் சொல்லவில்லை. போனது தண்ணீரும் மலமும். 1 கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வீட்டு வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,800 கலோரி செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், நாள் முழுவதும் பட்டினி கிடந்தாலும் கால் கிலோ கொழுப்புகூடக் குறையாது. பேதி மருந்துகள் பெரும்பாலும் பெருங்குடலில் வேலை செய்கின்றன. சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது.

மூன்று நாள் ‘சுத்திகரிப்புப் பொடி’ வாங்கிச் சாப்பிட்ட ஒரு அம்மாவின் அளவுகள் என் நோட்டில் இருக்கின்றன. தொடங்கும் முன் 74.2 கிலோ. மூன்றாம் நாள் 72.1. அன்று அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. எட்டாம் நாள் 73.9. வயிற்றுச் சுற்றளவு மூன்று முறை அளந்தபோதும் 96 செ.மீ. தான். பொடிக்குக் கொடுத்த காசு அவருடைய ஒரு மாதக் காய்கறிச் செலவுக்கு மேல். எனக்கு ஆற்றாமையாக இருப்பது அந்தக் காசை நினைத்துத்தான்.

எங்கள் பாட்டி வருடா வருடம் விளக்கெண்ணெய் கொடுத்தாரே? சித்த மருத்துவத்திலேயே பேதி உண்டே? அவர்கள் எல்லாம் தெரியாதவர்களா?

தெரிந்தவர்கள்தான். எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். முழுப் பரீட்சை விடுமுறையில் ஒரு நாள் விடிகாலையில் எழுப்பி, மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்கள். கொழகொழவென்று தொண்டையில் நிற்கும். பின்னாலேயே வெந்நீர். மதியம் வரை ஓட்டம். அதற்குப் பிறகு குழைந்த சோறும் மிளகு ரசமும். ஆனால் எந்தப் பாட்டியும் தொப்பை குறையட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுக்கவில்லை. வயிற்றில் பூச்சி, மலச்சிக்கல், மந்தம் என்று கொடுத்தார்கள். இன்று அதே பழக்கத்தை எடுத்து, மேலே ‘கொழுப்பு கரையும்’ என்று எழுதி விற்கிறார்கள்.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி என்று சித்த மருத்துவம் சொல்வது உண்மைதான். அதைக் கொடுக்கும் முறைப்படியான மருத்துவர் நாடி, வயது, உடல்வாகு, இருக்கிற நோய் எல்லாம் பார்க்கிறார், பத்தியமும் சொல்கிறார். நம் அலமாரியில் இருக்கும் பொடிக்கு அதெல்லாம் தெரியாது. கர்ப்பிணிகள், வயதானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாகவே பேதி எடுக்கக் கூடாது. தண்ணீரோடு பொட்டாசியமும் போய், இதயத் துடிப்பு தடுமாறும் அளவுக்குப் போகலாம். நிலாவாரை போன்ற பேதி மூலிகைகளை வாரக்கணக்கில் தினமும் சாப்பிட்டு வந்தால், அது இல்லாமல் வெளியே போகாது என்ற நிலை சிலருக்கு வரலாம்.

அப்படியென்றால் உடம்பில் அழுக்கே சேராதா? சுத்தமே வேண்டாமா?

சுத்தம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, பெரும்பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டு, ஒன்றரை, இரண்டு லிட்டரைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. மதுவையும் மருந்துகளையும் கல்லீரல் முறித்துத் தள்ளுகிறது. இவற்றுக்குக் கழுவி விடுவதற்கு ஆள் தேவையில்லை. வேலையைக் கூட்டாமல் இருந்தால் போதும். மது, புகையிலை, மருத்துவர் சொல்லாமல் வாங்கிப் போடும் வலி மாத்திரை, அளவுக்கு மீறிய சர்க்கரை ஆகியவற்றை விடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். இதற்கு மேல் ஒரு சுத்திகரிப்பு எனக்குத் தெரிந்து கிடையாது.

வெறும் வயிற்றில் வெந்நீர், எலுமிச்சை, தேன் குடிக்கிறேன். எத்தனை நாள் குடித்தால் கரையும்?

வெந்நீர் கொழுப்பைக் கரைக்காது. எண்ணெய்ச் சட்டியில் வெந்நீர் ஊற்றிப் பார்த்த பழக்கத்தில் அப்படித் தோன்றுகிறது. குடித்த வெந்நீர் வயிற்றுக்குள் போய்ச் சிறிது நேரத்திலேயே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். சீரகத் தண்ணீர், இஞ்சித் தண்ணீர், கிரீன் டீ எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபிக்குப் பதில் எலுமிச்சைத் தண்ணீர் குடித்தால் லாபம்தான். காபியையும் குடித்து இதையும் குடித்தால் தேன் கூடுதல் கணக்கு. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரி இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தேனும் சர்க்கரைதான்.

நான் ஒன்றும் சாப்பிடுவதே இல்லையே, மேடம். பிறகு எப்படி வயிறு போடுகிறது?

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. சாப்பாடு என்றால் தட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். குழந்தை மீதி வைத்த இட்லி, வீணாகிவிடும் என்று வழித்துச் சாப்பிட்ட பாயசம், மாலையில் பக்கத்துக் கடை வடை, டிவி பார்க்கும்போது கையில் வந்த மிக்சர் எதுவும் கணக்கில் வருவதில்லை.

என் மேசையில் ஒரு டம்ளரும் சர்க்கரை டப்பாவும் வைத்திருக்கிறேன். “ஒரு நாளில் குடிக்கும் காபி, டீக்கு எவ்வளவோ, அதை இந்த டம்ளரில் போடுங்கள்” என்பேன். நான்கு முறை குடிப்பவர், தடவைக்கு இரண்டு ஸ்பூன் என்று எட்டு ஸ்பூன் போட்டு முடிக்கும்போது டம்ளரின் அடி நிறைந்திருக்கும். ஏறக்குறைய 40 கிராம். ஒரு நாளுக்கு 25 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நான் எதுவும் சொல்வதில்லை. டம்ளரை அவர் முன்னாலேயே விட்டுவிடுவேன். பலருக்குக் காபியில் சர்க்கரை குறைந்தது அந்த நாளில்தான்.

அடுத்து எண்ணெய். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் வாங்கினால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 33 மில்லி. அதுவே சுமார் 270 கலோரி. செக்கு எண்ணெய் என்றாலும் கலோரி அதேதான். தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று வாங்கிப் பாருங்கள். மாதக் கடைசியில் தீர்ந்துபோனால் திரும்ப வாங்காமல் சமாளியுங்கள். இதைவிட எளிய கட்டுப்பாட்டை நான் கண்டதில்லை.

நான் ஒல்லிதான். கை, கால் எல்லாம் குச்சி. வயிறு மட்டும் முன்னால் வருகிறது. இது எதனால்?

இது நம் நாட்டு உடல்வாகு. இதைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும். புனேயைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், தம் ஆங்கிலேய நண்பரான இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு படம் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு ஒரே அளவு: 22.3. ஆனால் ஆங்கிலேயருக்கு உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். எடை ஒன்று, உள்ளே இருப்பது வேறு. நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில் அதிகம்.

நாடு முழுவதும் நடத்தி 2023இல் வெளியிடப்பட்ட, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ‘இண்டியாப்’ ஆய்விலும் இது தெரிகிறது. உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம். வயிற்றுப் பருமன் உள்ளவர்களோ 39.5 சதவீதம். ஒல்லியானவர்கள் பட்டினி கிடந்தால் இருக்கிற தசையும் போய்விடும். உங்களுக்குத் தேவை பருப்பு, முட்டை, மீன், தயிர் போன்ற புரதமும், தசைக்கு வேலையும். எப்படி என்பதைப் பயிற்சி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சோற்றை அடியோடு விட்டுவிட வேண்டுமா? தினை, சாமைக்கு மாறிவிட்டால் போதுமா?

இரண்டும் தேவையில்லை. நூறு கிராம் பச்சரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. தினை, சாமை, வரகு, கேழ்வரகு எல்லாம் 320 முதல் 350க்குள்தான். அவற்றில் நார்ச்சத்து கூடுதல், அது நல்லது. ஆனால் சாமைச் சோறு என்பதால் இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் பலன் போயிற்று. மாவாக்கிக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். இரவில் சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி என்பதும் அப்படித்தான்.

நம் சிக்கல் சோறு அல்ல. தட்டில் சோறு மட்டுமே இருப்பது. குழம்புக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று மூன்று முறை சோறு போடுகிறோம். பொரியல் ஓரத்தில் ஒரு பிடி கிடக்கிறது. இதைத் திருப்புங்கள். தட்டில் பாதி காய், கால்வாசி பருப்பு அல்லது முட்டை அல்லது மீன், கால்வாசி சோறு. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். சோறு ஒரே முறைதான் தட்டுக்கு வர வேண்டும். அதையே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று கரண்டியோடு நிற்கும் அம்மாவிடமும் மாமியாரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தட்டு மாறுவதற்கு வீடு ஒத்துழைக்க வேண்டும்.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்கிறார்களே, கொள்ளு உண்மையிலேயே குறைக்குமா?

கொள்ளு அருமையான பயறு. நூறு கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம், நார்ச்சத்தும் உண்டு, பசி தாங்கும். தட்டில் அந்தக் கால்வாசி இடத்தைக் கொள்ளுச் சுண்டலோ கொள்ளுத் துவையலோ பிடித்தால் சோறு தானாகக் குறையும். அப்படித்தான் அது இளைக்க வைக்கிறது. வழக்கமான சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டுவிட்டுக் கொள்ளு ரசமும் குடிப்பதில் ஒன்றும் நடக்காது.

பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கிறேன். இது நல்லதா?

சிலருக்கு ஒத்துவருகிறது. இரவு பத்து மணிப் பரோட்டாவும் காலை ஆறு மணி பிஸ்கட்டும் நின்றுபோவதால் மொத்தத்தில் உள்ளே போவது குறைகிறது. அதனால் வயிறும் குறைகிறது. மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டுக் குறைப்பவர்களைவிட இது பெரிதாக மிஞ்சுவதில்லை. பகலெல்லாம் விரதம் இருந்துவிட்டு மாலையில் மூன்று வேளைச் சாப்பாட்டையும் ஒன்றாகச் சாப்பிட்டால் பயனில்லை. ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் பட்டினி கிடந்து, அன்று இரவே வடை பாயசத்தோடு முடிப்பவர்களுக்கும் இதே பதில்.

இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் விரதம் இருக்கவே கூடாது. சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார்கள். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் வேண்டாம்.

தினமும் நூறு சிட்-அப் எடுக்கிறேன். மூன்று மாதமாகியும் வயிறு அப்படியே இருக்கிறது. ஏன்?

வயிற்றுத் தசை வலுவாகியிருக்கும். அதன் மேலே இருக்கும் கொழுப்பு அப்படியே இருக்கும். எந்த இடத்துத் தசை வேலை செய்கிறதோ அந்த இடத்துக் கொழுப்பு எரிவதில்லை. உடல் முழுவதிலிருந்தும் கொழுப்பு ரத்தத்தில் கலந்து வந்து எரிகிறது. கபாலபாதியும் இப்படித்தான். மூச்சுப் பயிற்சியாகச் செய்யுங்கள்; தொப்பைக்கு என்று செய்யாதீர்கள்.

பெரிய தசைகளுக்கு வேலை கொடுங்கள். தொடை, பிட்டம், முதுகு, மார்பு. நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள்; பழகிய பிறகு தரையில் தண்டால். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்துத் தூக்குங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். மேலே சொன்ன ஒல்லி உடல்காரர்களுக்கு இதுதான் முதல் மருந்து.

ஆறு மாதமாக நடக்கிறேன். ஒரு கிலோகூடக் குறையவில்லை. நடப்பது வீண்தானே?

வீண் இல்லை. சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வைச் சொல்கிறேன். சர்க்கரை எல்லையில் நின்றவர்களில், வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு மட்டுமே வந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. எடை மெஷின் காட்டாத நன்மை உள்ளே நடக்கிறது.

ஆனாலும் எப்படி நடக்கிறீர்கள் என்று பாருங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது குறைந்த அளவு. காலையில் நண்பர்களோடு மைதானத்தைச் சுற்றிவிட்டு, வாசலில் ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டால், நடந்ததைவிட அதிகம் உள்ளே போய்விடும். இன்னொரு பழக்கம் சொல்கிறேன். சர்க்கரைக்காரர்களுக்கு இது கைமேல் பலன் தரும். ஒவ்வொரு வேளை சாப்பிட்ட பிறகும் பத்து நிமிடம் நடங்கள். மொட்டை மாடி போதும்.

இரவு ஷிப்ட் பார்க்கிறேன். தூங்குவதே ஐந்து மணி நேரம். அதற்கும் தொப்பைக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. போதும் என்று சொல்லும் சுரப்பு குறைகிறது. தூங்காத நாளில் இனிப்பும் பொரித்ததும் தேடுவது உங்கள் மன உறுதியின் குறை அல்ல. மில் வேலை, ஆஸ்பத்திரி வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது: ஷிப்டுக்குப் போகும் முன் முழுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், நள்ளிரவில் சுண்டல், முட்டை, மோர் போல லேசாக வைத்துக்கொள்ளுங்கள், பகலில் ஜன்னலை இருட்டாக்கி, போனை வேறு அறையில் வைத்து ஏழு மணி நேரம் தூங்கப் பாருங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். தொப்பை உள்ளவர்களுக்கு அது அதிகம்.

சிசேரியன் ஆகி இரண்டு வருடம். பெல்ட்டும் கட்டினேன். வயிறு ஐந்து மாதம் போலவே இருக்கிறது, அக்கா.

முதலில் ஒரு சோதனை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை அழுத்திப் பாருங்கள். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் இருந்தால், கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசை இன்னும் சேரவில்லை. உங்களுக்கு இருப்பது முழுக்கக் கொழுப்பு அல்ல. இந்த நிலையில் சிட்-அப் எடுத்தால் வயிறு இன்னும் பிதுங்கும். பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள், மூச்சோடு சேர்ந்த எளிய பயிற்சிகள் இருக்கின்றன.

பெல்ட்டும், நம் வீடுகளில் கட்டும் துணியும் இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும், கொழுப்பைக் குறைக்காது. குழந்தை பிறந்த வீட்டில் தாயின் வயிற்றைப் பார்த்துக் கருத்துச் சொல்பவர்கள் ஒரு வருடமாவது வாயைத் திறக்காமல் இருந்தால் பெரிய உதவி. மாதவிடாய் நின்ற பிறகு வயிறு பெருப்பது வேறு காரணம். அந்த வயதில் கொழுப்பு இடுப்பு, தொடையிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது. அதற்குத் தட்டு மாற்றமும் தசைப் பயிற்சியும்தான் வழி.

சுரைக்காய் ஜூஸ், குடம்புளி மாத்திரை, இளைக்கும் டீ... இவையெல்லாம் இயற்கைதானே? தீங்கு என்ன இருக்கிறது?

இயற்கை என்பதால் தீங்கில்லை என்று ஆகாது. கசக்கும் சுரைக்காயின் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் நம் நாட்டில் உண்டு; ஐசிஎம்ஆர் குழுவே இதை ஆராய்ந்து எச்சரித்திருக்கிறது. ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயையே எறிந்துவிடுங்கள். கன்னியாகுமரி மீன் குழம்பில் போடும் குடம்புளி வேறு. அதன் சாரத்தைச் செறிவாக்கி அடைத்த மாத்திரை வேறு. அந்த மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். கீரைச் சாற்றையே நாள் கணக்கில் குடித்தால் அதில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பு சேர்ந்து சிறுநீரகம் பாதிக்கலாம். பொரியலாகச் சாப்பிட்டால் அந்தப் பயமில்லை.

பெயர் தெரியாத இளைக்கும் பொடி, டீ விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். சிபுட்ரமின் என்ற மருந்து மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் இந்தியாவில் 2011இல் தடை செய்யப்பட்டது. மூலிகை என்று விற்கப்படும் இளைக்கும் பொருள்களில் அதைக் கலந்திருந்தது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. பசியே எடுக்காமல், நெஞ்சு படபடத்து, தூக்கம் வராமல் போனால் உடனே நிறுத்துங்கள். பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டுவாருங்கள்.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன், வாரம் ஒரு ஊசி... இவை குறுக்குவழியா?

உறிஞ்சி எடுப்பது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை மட்டும். இரண்டாவது கேள்வியில் சொன்ன உள் கொழுப்பு அப்படியே இருக்கும். கிலோக்கணக்கில் உறிஞ்சி எடுத்த பிறகும் இன்சுலின் செயல்பாடோ ரத்தக் கொழுப்போ சீராகவில்லை என்று 2004இல் வந்த ஆய்வு காட்டியது. தோற்றத்துக்கு உதவும், நோய்க்கு உதவாது.

ஊசி விஷயம் வேறு. செமாக்ளூடைடு, டிர்செபடைடு இரண்டும் உண்மையிலேயே எடையையும் வயிற்றையும் குறைக்கின்றன. 2025இல் எடைக் குறைப்புக்காகவும் இங்கே விற்பனைக்கு வந்தன. பருமனால் நோயுற்றவர்களுக்கு நல்ல மருந்து. அதைப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். குமட்டலும் மலச்சிக்கலும் வரலாம். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வருகிறது. போடும் காலத்தில் புரதமும் தசைப் பயிற்சியும் இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

சரி, எல்லாம் செய்கிறேன். எத்தனை நாளில் தெரியும்?

வாரத்துக்கு அரைக் கிலோ என்பது நல்ல வேகம். அதைவிடக் குறைந்தாலும் பரவாயில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம், காலையில் எழுந்ததும் டேப் வைத்து எழுதி வையுங்கள். தினமும் எடை பார்த்தால் உப்பும் தண்ணீரும் ஏற்றி இறக்குவதைப் பார்த்து மனம் சோர்ந்துவிடும். 80 கிலோ உள்ளவர் 5 கிலோ குறைத்தாலே சர்க்கரையிலும், அழுத்தத்திலும், கல்லீரல் கொழுப்பிலும் முன்னேற்றம் தெரிய ஆரம்பிக்கும். கண்ணாடியில் தெரிவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனைத் தாளில் தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு ஒரு மாதத்தில் வயிறு மட்டும் பெருத்துவிட்டது. சாப்பாடும் குறைந்துவிட்டது. வாயு என்று கஷாயம் கொடுக்கிறோம். என்ன சாப்பிடச் சொல்லலாம்?

சாப்பாட்டு யோசனை கேட்கும் நேரம் இல்லை இது. தொப்பை வருடக்கணக்கில் வரும். பலருக்குக் கை, முகம் எல்லாம் சேர்ந்து பூசும். சில வாரங்களில் வயிறு மட்டும் உப்பி, கை, தோள் எல்லாம் மெலிந்து, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்றால் அது கொழுப்பு இல்லை. கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்திருக்கலாம். பெண்களுக்குச் சினைப்பையில் கட்டி இருக்கலாம். காச நோயாலும் இப்படி நீர் சேரும். கால் வீக்கம், கண் மஞ்சள், கறுத்த மலம், மூச்சுத் திணறல் இருந்தால் இன்னும் அவசரம்.

கஷாயத்தை நிறுத்துங்கள், பேதி எதுவும் கொடுக்காதீர்கள். நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துப்போய், வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். அரசு மருத்துவமனையிலும் ஸ்கேன் வசதி உண்டு. போகும்போது அம்மா சாப்பிடும் மாத்திரை, பொடி, கஷாயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப்போங்கள்.